ஆயிரம் அடி இடைவெளி

சாணக்யபுரியில் மாலை வேளையில் உலாவச் செல்வோருக்குப் பாலத்தில் ஏறி இறங்கும் விமானங்களின் ஓசை பழகிப்போன ஒன்று. அதைக் கேட்டு 1996 நவம்பர் 12-ம் தேதி மாலையை நினைத்துக்கொள்ளும் பழைய டில்லிவாசிகள் இன்றும் உண்டு.

அன்று பாலத்திலிருந்து கிளம்பிய சவூதி விமானத்திற்கு 14,000 அடி உயரம் விதிக்கப்பட்டிருந்தது. எதிரே வந்த கஜகஸ்தான் விமானம் 15,000 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. அது இறங்கிவிட்டது. ஹரியாணாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதி 349 பேர் மாண்டனர். வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன இந்தியர் பலர் அதில் அடக்கம்.

நீதிபதி லகோத்தியின் விசாரணை, அனுமதியின்றி இறங்கியதே காரணம் என்றது. அது சரியே. ஆனால் போவதற்கும் வருவதற்கும் அன்று ஒரே பாதைதான். டில்லி ரேடார் விமானத்தின் உயரத்தைக் காட்டவில்லை. அவை நம் வீட்டுக் குறைகள். தனித்தனிப் பாதைகளும், மோதலைத் தவிர்க்கும் கருவி கட்டாயம் என்ற விதியும் அதன் பிறகே வந்தன.

தரையின் கதை இது. கடலில்? வங்கக் கடலின் மீது 29,000 முதல் 41,000 அடி வரை பறக்கும் விமானங்களுக்கிடையே முன்பு 2,000 அடி இடைவெளி இருந்தது. 2003 நவம்பரில் அது 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. எரிபொருள் மிச்சம், பாதைகளும் கூடின. குறை சொல்வதற்கில்லை. ஆனால் கரையோர ரேடார் எட்டாத நடுக்கடலில் அந்த ஆயிரம் அடியைக் காப்பது சொல்லும் கேள்வியும்தான்.

300 அடி பிசகினாலே அது பெரிய விலகல் என்று பதிவாகிறது. இதில் விமானி தவறிய சம்பவங்கள் மட்டுமல்ல, சென்னை போன்ற ஒரு நிலையம் கோலாலம்பூர் போன்ற அடுத்த நிலையத்திடம் விமானத்தை ஒப்படைக்கையில், மாறிய உயரத்தைச் சொல்ல மறந்தவையும் ஏராளம். தொலைபேசியில் எண்ணைத் தவறாகக் கேட்டாலும் இதே கதிதான். விமானி விதித்த உயரத்திலேயே செல்வார். எதிர்பார்ப்பவர் வேறு உயரத்தில் எதிர்பார்ப்பார்.

சாணக்யபுரியை அடுத்த சஃப்தர்ஜங்கில் விமான நிலைய ஆணையத்தின் தலைமையகம் இருக்கிறது. எந்தெந்த அண்டை நிலையங்களுடன் கணினி வழியே உயரம் பரிமாறப்படுகிறது, எங்கே இன்னும் தொலைபேசியையே நம்பியிருக்கிறோம் என்பதை ஆணையம் வெளியிட வேண்டும். தம் பிசகைத் தாமே தெரிவிக்கும் கட்டுப்பாட்டு ஊழியருக்கு மெமோ கொடுப்பதும் கூடாது. மெமோவுக்கு அஞ்சி ஒருவர் மறைக்கும் 300 அடி, யாருடைய கோப்பிலும் ஏறாது.