பெறுபவரின் குரல்

தமிழ் இலக்கியம் கொடுத்தவரைக் கொண்டாடிய இலக்கியம். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும், இறந்த பின்னும் ஈந்தவர் எனப் புகழ்பெற்ற கீழக்கரைச் சீதக்காதியையும் நம் மாணவர்கள் நன்கறிவர். ஆனால் பெற்றுக்கொண்டவர் மனத்தில் என்ன ஓடியது என்பதைக் கூறும் இடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் தலையாயது புறநானூற்றின் 208ஆம் பாட்டு. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பியபோது, புலவர் பெருஞ்சித்திரனார் அதனை ஏற்க மறுத்தார். முகம் பாராது தரும் பெரும்பொருளை விட, தகுதி அறிந்து தரும் சிறுபொருளே தமக்கு இனிது என்பது அவர் கொள்கை. பசியோடு வந்தவனுக்கும் மானம் உண்டு என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உரைத்த குரல் அது.

இக்குரலை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு, நம் காலத்துக்குச் சற்று முன் வாழ்ந்த ஓர் ஆங்கிலேயரின் வாழ்க்கையை ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகின்றோம். பிரிட்டனின் விமானப்படையில் உயர் அலுவலராக விளங்கிப் பின்னர் உலகறிந்த அறப்பணியாளராக மாறிய லெனார்டு செஷயர் என்பாரே அவர்.

வானத்தில் வென்றவர்

செஷயர் 1917ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஆக்ஸ்ஃபோர்டில் புகழ்பெற்ற சட்ட அறிஞர். அவருடைய நூல்களை நம் நாட்டுச் சட்ட மாணவர்களும் பயின்றுள்ளனர். மகனும் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டமே படித்தார். ஆயினும் 1939இல் மூண்ட இரண்டாம் உலகப் போர் அவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் குண்டுவீச்சு விமானத்துக்கு அனுப்பியது. 1943இல், 25 வயதிலேயே, அவர் குரூப் கேப்டன் ஆனார். அப்பதவியில் இருப்போர் மேசைக்குப் பின் அமர்ந்து ஆணையிடலாம்; களத்தில் பறக்க வேண்டியதில்லை. செஷயரோ ஒரு படி கீழிறங்கி, விங் கமாண்டராக 617ஆம் ஸ்குவாட்ரனின் தலைமையை ஏற்று மீண்டும் பறந்தார். பதவியில் ஏறுவதற்கே பாடுபடும் உலகில், பணிக்காகப் பதவியில் இறங்கியவர் என்பதை மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும்.

1944 பிப்ரவரியில் பிரான்சின் லிமோஜ் நகரிலிருந்த விமான எஞ்சின் தொழிற்சாலையைத் தகர்க்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஜெர்மானியருக்காக இயங்கிய அவ்வாலையில் இரவு நேரத்திலும் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். செஷயர் கட்டடத்தின் மேல் மிகத் தாழ்வாகப் பலமுறை பறந்து எச்சரித்தார். அவர்கள் வெளியேறி ஓட இடமளித்த பின்னரே குறி வைத்தார். இலக்கைக் கண்ணால் காணும் உயரத்துக்கு இறங்கிக் குறியிடும் முறையைச் செம்மைப்படுத்தியவரும் அவரே.

பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் 1944 செப்டம்பரில் அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவ்விருது பெரும்பாலும் ஒரு கணத்து வீரச்செயலுக்கே உரியது. செஷயருக்கோ நான்கு ஆண்டுகள், நூறு பறப்புகள் என நீண்ட தளராத துணிவுக்காக அது வழங்கப்பெற்றது.

ஒரு கதையும் ஓர் உண்மையும்

1945 ஆகஸ்ட் 9ஆம் நாள் நாகசாகி மீது அணுகுண்டு வீசப்பட்டபோது, அதனைக் காண பிரிட்டன் சார்பில் அனுப்பப்பட்ட இருவருள் செஷயர் ஒருவர். மற்றவர் வில்லியம் பென்னி என்னும் அறிவியலார். ஒரு நகரம் சாம்பலாகி எழுந்த முகிலை 27 வயது செஷயர் தொலைவில் பறந்த விமானத்திலிருந்து கண்டார்.

இவ்விடத்தில் மேடைப் பேச்சாளர்கள் ஒரு கதையைக் கட்டிவிடுகின்றனர். கலிங்கத்தில் குருதியைக் கண்டு மனம் மாறிய அசோகரைப் போல, நாகசாகியைக் கண்டு வருந்திய செஷயர் வாளை எறிந்து தொண்டில் புகுந்தார் என்பது அக்கதை. கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் நாம் இதனை ஏற்பதற்கில்லை. அணுகுண்டு போரை முடித்து உயிர்களைக் காத்தது என்பதே செஷயர் தம் இறுதிக்காலம் வரை கொண்டிருந்த கருத்து. அக்கருத்து சரியா என்பது வேறு வினா. நகரத்து மக்களை ஒருசேர மாய்க்கும் ஆயுதத்தை எந்த அறமும் ஏற்காது என்றே நாம் நம்புகின்றோம். எனினும் ஒருவர் கூறாத கழிவிரக்கத்தை அவர்மீது ஏற்றி நீதிக்கதை புனைவது வரலாற்றுக்குச் செய்யும் நேர்மை ஆகாது.

இக்கதையில் இன்னொரு கேடும் உண்டு. பெரும் அழிவொன்றைக் கண்ணால் கண்டால்தான் மனிதன் தொண்டுக்கு வருவான் என்ற எண்ணத்தை அது விதைக்கின்றது. அத்தகைய பேரதிர்ச்சி நம்மில் எவருக்கும் வாய்க்கப்போவதில்லை. ஆகவே தொண்டும் நமக்கில்லை என்று இருந்துவிட வழியாகிறது. செஷயரின் வாழ்வு காட்டும் உண்மையோ மிக எளியது.

வாசலுக்கு வந்த ஒருவர்

1946இல் உடல்நலக் குறைவால் படையிலிருந்து விலகிய செஷயர், போர்வீரர்களும் அவர்தம் குடும்பத்தினரும் ஒன்றாக உழைத்து வாழும் குடியிருப்பு ஒன்றை அமைத்தார். அது ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் லெ கோர்ட் என்னும் பெரிய வீட்டுக்கு மாறியது. பின்னர்க் கடனில் மூழ்கிக் கலைந்தது. அவர் கையில் எஞ்சியது வெறும் வீடு ஒன்றே.

1948இல் அக்குடியிருப்பில் முன்பு வாழ்ந்த ஆர்தர் டைக்ஸ் என்பவர் புற்றுநோயால் மரணத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். மருத்துவமனையால் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவருக்குப் போவதற்கு இடமும் இல்லை. செஷயர் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துவந்தார். செவிலியர் பயிற்சி எதுவும் பெறாத அவர், தாமே உணவூட்டினார், உடல் துடைத்தார், படுக்கை மாற்றினார், இறுதி மூச்சுவரை உடனிருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் டைக்ஸ் மறைந்தார். அதற்குள் படுத்த படுக்கையான மூதாட்டி ஒருவருக்கு இடம் கேட்டு வந்தனர், பிறகு இன்னொருவர், பிறகு வேறொருவர். செஷயர் இல்லங்கள் இவ்வாறே தோன்றின. திட்ட அறிக்கை இல்லை. அடிக்கல் நாட்டு விழா இல்லை. வாசலுக்கு வந்த ஒருவரை மறுக்க மனம் வராமையே அதன் அடித்தளம். அவ்வாண்டின் இறுதியில் அவர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார்.

1952இல் காசநோய் அவரைப் பற்றியது. இரண்டாண்டுகளுக்கு மேல் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். எழுந்ததும் நம் நாட்டை நோக்கி வந்தார். பிரிட்டனுக்கு வெளியே முதல் செஷயர் இல்லம் 1950களின் நடுவில் பம்பாயின் அந்தேரியில் தொடங்கப்பட்டது. நாஜி முகாம்களிலிருந்து மீண்டவர்களுக்காக உழைத்துவந்த சூ ரைடர் அம்மையாரை 1959 ஏப்ரல் 5ஆம் நாள் அதே பம்பாயில் மணந்தார். தொழுநோயாளருக்காகவும் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காகவும் இருவரும் இணைந்து டேராடூனில் எழுப்பிய ரஃபேல் நிலையம் அத்திருமணத்தின் நினைவுச் சின்னம் எனலாம். 1992 ஜூலை 31இல் செஷயர் மறைந்தபோது ஏறத்தாழ 50 நாடுகளில் 250க்கும் மேற்பட்ட இல்லங்கள் இயங்கின.

இல்லத்துக்குள் எழுந்த குரல்

புகழுரை எழுதுவோர் இத்துடன் நிறுத்திக்கொள்வர். நாம் நிறுத்த விரும்பவில்லை. அறப்பணியில் ஈடுபட்டோர் அனைவரும் அறிய வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகின்றது.

தொடக்கத்தில் லெ கோர்ட்டில் ஊழியர் இல்லை. நடக்க முடிந்தவர் நடக்க இயலாதவரைப் பார்த்துக்கொண்டார். அது அனைவரின் வீடாக இருந்தது. பின்னர் நிருவாகக் குழு வந்தது, செவிலியர் வந்தனர், விதிகள் வந்தன. வசதிகள் பெருகப் பெருக, அங்கு வாழ்ந்தவரின் சொல் சுருங்கியது. 1956இல் தசைநலிவு நோயுற்ற பால் ஹன்ட் என்னும் 19 வயது இளைஞர் அவ்வில்லத்தில் சேர்ந்தார். எப்போது உறங்குவது, எப்போது வெளியே செல்வது என்பவற்றைத் தாமே முடிவு செய்யும் உரிமையையும், நிருவாகத்தில் இடத்தையும் வேண்டி அவரும் தோழர்களும் போராடினர். 1966இல் உடற்குறையுடையோரே எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து அவர் நூலாக்கினார். 1972இல் கார்டியன் நாளிதழில் அவர் எழுதிய கடிதம் ஓர் இயக்கத்துக்கு வித்திட்டது. உடலின் குறை வேறு, சமுதாயம் எழுப்பும் தடை வேறு. மனிதனை முடக்குவது பின்னதே என்ற கொள்கையை அவ்வியக்கம் உலகுக்கு உரைத்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கையிலும் அதன் சாயலைக் காணலாம்.

சிலர் இதனை நன்றி கொன்ற செயல் என்பர். உண்ண உணவும் உறங்க இடமும் தந்த இல்லத்தையே குறை கூறலாமா என வினவுவர். நம் கருத்து வேறு. செஷயரின் தொண்டு பெற்ற மிகப் பெரிய பேறு பால் ஹன்டே. ஒரு மனிதன் உரிமையைக் கேட்கும் அளவுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தான் என்றால், அவனைத் தாங்கிய தொண்டு தோற்றுவிட்டதா, வென்றுவிட்டதா? அக்குரலுக்குச் செவி சாய்க்காத நிருவாகமே தோற்றது. பெருஞ்சித்திரனாரின் மறுப்பும் பால் ஹன்டின் கடிதமும் ஒரே குரலின் இரு வடிவங்கள்.

திருமறை காட்டும் நெறி

இஸ்லாமிய மரபில் வந்த நமக்கு இப்பாடம் புதியதன்று. குறைஷித் தலைவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற தோழரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் இடையில் வந்தார்கள். அவர்கள் பொருள் கேட்டு வரவில்லை. அறிவு கேட்டு வந்தார்கள். அந்நேரம் திருமுகம் சற்றுச் சுருங்கியது. அதன்பொருட்டே திருமறையின் 80ஆம் அத்தியாயம் அருளப்பெற்றது. நாடி வந்த பார்வையற்றவரே முதன்மைக்குரியவர் என இறைவன் உணர்த்தினான். அத்தோழரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் உதவித்தொகை கொடுத்து ஒரு மூலையில் அமர்த்தவில்லை. மதீனாவில் தொழுகைக்கு அழைக்கும் பொறுப்பைத் தந்தார்கள். தாம் வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவின் பொறுப்பாளராகவும் ஆக்கினார்கள். கருணை காட்டியதோடு நில்லாமல் பதவியும் தந்தது அந்நெறி. கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது தருமத்தையே பாழாக்கும் என்பதும் அதே திருமறையின் எச்சரிக்கை.

நாம் செய்ய வேண்டுவன

இந்நெறியில் நம் நிறுவனங்களை நிறுத்திப் பார்ப்போமாக. நம் பெரியோர்கள் ஜகாத்தும் சதகாவும் வாரி வழங்குகின்றனர். அவர்தம் ஈகையால் கல்விக்கூடங்களும் அனாதை இல்லங்களும் தழைக்கின்றன. அதனை நன்றியோடு போற்றுகின்றோம். ஆயினும் தையல் எந்திரமும் சக்கர நாற்காலியும் வழங்கும் விழாக்களில், பெறுபவரை மேடையேற்றிப் படம் பிடிக்கும் வழக்கம் பெருகியுள்ளது. நாற்காலியின் முதுகில் வழங்கியவர் பெயர் பெரிதாக எழுதப்படுகிறது. அமர்ந்திருப்பவரின் பெயரை எவரும் கேட்பதில்லை. அந்நாற்காலியில் வந்தவர் பள்ளிவாசலின் படிகளைக் கண்டு வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

ஆகவே சமுதாயப் பெரியோர்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, உதவி பெறுவோரைப் படம் பிடித்து வெளியிடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். இரண்டாவது, நம் பள்ளிவாசல்களிலும் கல்லூரிகளிலும் சாய்வுப் பாதையும், ஒளூச் செய்யத் தகுந்த இருக்கையும், பார்வையற்ற மாணவர் பயில வசதிகளும் அமைய வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காட்டு இடங்களை அவர்களுக்கு ஒதுக்கப் பணிக்கிறது. இடம் ஒதுக்கிவிட்டு வகுப்பறைக்குச் செல்லும் வழியை மறப்பது முறையாகாது. மூன்றாவது, இவற்றுள் தலையாயது: உதவி பெற்று வளர்ந்தோருள் ஒருவரேனும் ஒவ்வோர் அறக்கட்டளையின் நிருவாகக் குழுவிலும் வாக்குரிமையோடு அமர வேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். செஷயரைப் போல் விருது பெறுதல் அனைவருக்கும் இயலாது. வாசலுக்கு வந்த ஒருவரை உள்ளே அழைத்தல் அனைவருக்கும் இயலும். விடுதியில் உடன் பயிலும் பார்வையற்ற தோழருக்குப் பாடம் படித்துக் காட்டுவதில் அது தொடங்கலாம். ஆனால் எந்தப் பாடத்தை முதலில் படிக்க வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.

தம் இறுதி நாள்களில் செஷயர் நரம்பு நோயால் தசைகள் செயலிழந்து, தாம் காத்த மனிதர்களைப் போலவே பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையை அடைந்தார். கொடுப்பவர், பெறுபவர் என்னும் வேறுபாடு பிறப்பால் அமைவதன்று. ஒரு விபத்தோ, ஒரு நோயோ, முதுமையோ அதனை மாற்றிவிடும். நாளை நாமும் பெறுபவராகலாம். அன்று நம் குரல் கேட்கப்பட வேண்டுமெனில், இன்று பிறர் குரலுக்குச் செவி கொடுப்போமாக!