ஓய்வு நேரம்: மலிவு விண்கப்பலுக்கு நுண்வேலை



விஞ்ஞானக் கதைகளில் வரும் விண்கப்பல்களின் பிளாஸ்டிக் மாதிரிகள் இன்று நம் பெங்களூரில் எளிய விலைக்கும் கிடைக்கின்றன. பகுதி பகுதியாகப் பெட்டியில் வரும். நாமே ஒட்டிச் சேர்க்கவேண்டும். 'கிட்' என்பது கடைக்காரர் வழங்கும் பெயர். என் தமக்கையின் மகன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், உண்டியற் காசைக் கொண்டு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அத்தகையதொன்றை வாங்கினான். ஒட்டி முடித்துப் பள்ளிக்கு எடுத்துச் சென்றவன் மாலையில் முகம் வாடி வந்தான்.

"சோப்புப் பெட்டி போல் இருக்கிறதென்று எல்லாரும் சிரிக்கிறார்கள், மாமா. வேறொன்று வாங்கித் தருவீர்களா?"

வகுப்புத் தோழன் ஒருவனிடம் உள்ள வெளிநாட்டுக் கிட்டின் விலை எங்கள் வீட்டு ஒரு மாத மளிகைச் செலவுக்குக் குறையாது. அதுவன்றி, குறையைத் தீர்க்கும் வழி கையிலிருக்க, வேறு வாங்குவானேன்? மலிவுக் கிட்டில் வடிவம் பெரும்பாலும் பழுதின்றியே இருக்கும். மேற்பரப்புத்தான் மொட்டையாக இருக்கும்; சன்னல்கள் வெறும் மேடுகளாகவும், உந்துகுழாய்களின் வாய் அடைபட்டும் இருக்கும்.

மலிவுக் கிட் என்பதால் நாணவேண்டுவதில்லை. அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' என்னும் தொலைக்காட்சித் தொடர் நடந்தபோது, அதில் வரும் 'என்டர்பிரைஸ்' கப்பலின் கிட்டை ஏ.எம்.டி. என்னும் கம்பெனி 1966இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு, 1967 அக்டோபரில் ஒளிபரப்பான ஒரு கதைக்குச் சிதைந்துபோன மற்றொரு கப்பல் தேவைப்பட்டது. தயாரிப்பாளர்கள் அந்தக் கடைக் கிட்டையே எடுத்து, சூடு வைத்து உருக்குலைத்துக் காமிராவின் முன் நிறுத்திவிட்டனர். என்டர்பிரைஸின் எண் 1701. அதே இலக்கங்களை இடம் மாற்றி ஒட்டி 1017 என்று ஆக்கினர். 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் கப்பல்களிலும், டாங்கி, விமானம், பந்தயக் கார் முதலியவற்றின் கிட்டுகளிலிருந்து பிய்த்த உறுப்புகளே நிறைந்திருந்தன. இன்னது இன்னதினின்று வந்ததென்று பார்ப்போர்க்குத் தெரியாதபடி ஒட்டியதே அவர்களின் சாமர்த்தியம்.

நாம் முதலில் கையிலெடுக்க வேண்டியது பசையன்று, பென்சில். கப்பல் கதையில் எவ்வளவு பெரியது என்று கணக்கிடுங்கள். முந்நூறு மீட்டர்க் கப்பல் நம் மேசையில் 30 சென்டிமீட்டர் என்றால், 1 சென்டிமீட்டருக்கு 10 மீட்டர் ஆகிறது. அப்போது ஓர் ஆள் 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த உயரமே இருப்பான். ஒரு மாடியின் உயரம் 3 மில்லிமீட்டர். சன்னல் 1 மில்லிமீட்டருக்கு மிகலாகாது. பலர் கோலி அளவு ஆணித்தலைகளை வரிசையாக ஒட்டி, 'டீட்டெயில் சேர்த்துவிட்டேன்' என்று மகிழ்கின்றனர். அவ்வாணிகளைப் பார்த்த மாத்திரத்தில் முந்நூறு மீட்டர்க் கப்பல் மூன்று மீட்டர்ப் படகாகச் சுருங்கிவிடும். கப்பலின் பெருமையைச் சொல்வது அதிலுள்ள மிகச் சிறிய பொருளே.

இந்தக் கணக்குக்கு ஏற்ற சாமான்கள் வீட்டிலேயே உண்டு. தீர்ந்த மாத்திரை அட்டையின் கொப்புளங்கள் எண்ணெய்த் தொட்டிகளாகும். மின்கம்பியின் உள்ளிருக்கும் செம்பு இழைகள் குழாய்களாகும். பேனா ரீஃபிலைக் குறுக்கே நறுக்கினால் உந்துவாய்கள். ஃபெவிக்விக்கைக் குப்பியிலிருந்து நேரே ஊற்றாமல் ஊசிமுனையால் தொட்டு வையுங்கள். கைக்கடிகாரப் பற்சக்கரத்தை மட்டும் நான் விலக்குவேன். எவ்வளவு மறைத்தாலும் அது கடிகாரமாகவே தெரியும்.

எதை எங்கே ஒட்டுவது? இதற்கு நம்மூரே பள்ளிக்கூடம். 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டில் ஏறிச் சென்ற ஆரியபட்டா, 26 முகங்களும் 360 கிலோ எடையும் கொண்ட நம் முதற் செயற்கைக்கோள், பீன்யாவிலிருந்த கொட்டகைகளில் உருவானதே. 2023 ஆகஸ்டு 23இல் சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3 இறங்குகலமும் இந்நகரில் ஒருங்கிணைக்கப்பட்டதே. அதன் உடலில் பளபளத்தது பொன்னன்று. பழுப்பு மஞ்சள் நிறமான மெல்லிய பிளாஸ்டிக் தாளின் பின்புறம் அலுமினியம் பூசப்பட்டிருப்பதால் அப்படித் தோன்றுகிறது. வெப்பமும் குளிரும் தாக்காமல் காக்கும் போர்வை அது. சாக்லேட் சுற்றிய பொன்தாளைக் கசக்கி, பாதி நீவி ஒட்டினால் அச்சாக அமையும். உண்மைக் கலத்தில் வேலையில்லாத உறுப்பு ஒன்றும் கிடையாது. மருமகனைக் கஸ்தூர்பா சாலை விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று காட்டிய பிறகு, ஒட்டும் ஒவ்வொன்றுக்கும் அவனே ஒரு வேலை சொல்லத் தொடங்கினான். "இது குடிதண்ணீர்க் குழாய், மாமா, ஆகையால் எஞ்சின் பக்கம் போகக்கூடாது" என்றான்.

இடைவெளியும் வேண்டும். உடல் முழுதும் சரிகையானால் புடவைக்குக் கரை ஏது? நுண்வேலையை எஞ்சினருகிலும் மூட்டுகளிலும் திரட்டி, மற்ற இடத்தை வெறுமையாக விடுங்கள். பிறகு சோப்பு கலந்த நீரில் கறுப்புப் போஸ்டர் வர்ணத்தை மிக நீர்க்கக் கரைத்துப் பூசி, சற்றுப் பொறுத்து ஈரத் துணியால் துடையுங்கள். கோடுகளில் மட்டும் கறுப்புத் தங்கி, பள்ளங்கள் ஆழமாகத் தோன்றும்.

ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். சரக்கு வாகன்களின் பக்கத்தில் வெற்று எடை, ஏற்றும் சுமை, பெரிய பழுதுபார்ப்புக்குத் திரும்பவேண்டிய நாள் எல்லாம் எழுதியிருக்கும். உழைக்கும் வண்டிக்கு அவை அடையாளம். மருமகன் கூர்முனைப் பேனாவால் தன் கப்பலுக்கும் ஒரு பழுதுபார்ப்பு நாள் எழுதினான். படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். சிரித்த தோழர்களுள் ஒருவன் இப்போது மாத்திரை அட்டை கேட்டு வீட்டுக்கே வருகிறான்.

விளக்கும் வைக்கலாம். எஸ்.பி. சாலையில் வெள்ளை எல்.இ.டி. சில ரூபாய்க்குக் கிடைக்கும். 3 வோல்ட் பட்டன் பாட்டரி ஒன்று போதும். ஆனால் கப்பலின் உட்புறத்துக்கு முன்னரே கறுப்பு வர்ணம் பூசாவிட்டால், மலிவு பிளாஸ்டிக் முழுதும் காகித லாந்தர்போல் ஒளிவிடும். பாட்டரி வைக்கும் இடத்தைத் திருகாணி போட்டே மூடுங்கள். சிறு குழந்தை அதை விழுங்கினால் இரண்டொரு மணி நேரத்தில் உணவுக்குழலை அரித்துவிடும்.