ஜப்பானில் வாடகை கார்: லைசென்ஸ் தப்பானால் இன்சூரன்ஸும் காலி!

ஒகினாவா போகிறவர்கள் கார் எடுக்காமல் சுற்றுவது கஷ்டம். நாஹா பக்கம் ஓடும் மோனோ ரயிலை விட்டால் தீவில் வேறு ரயில் இல்லை. நம்ம ஊர் மாதிரியே அங்கேயும் இடது பக்கம்தான் என்பதால் இந்தியர்களுக்குத் தயக்கமும் குறைவு. சிக்கல் ஆரம்பிப்பது வாடகை கவுன்ட்டரில்.

இந்திய லைசென்ஸை மட்டும் நீட்டினால் சாவி கிடைக்காது. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வழங்கிய இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட், அதுவும் புத்தக வடிவில், கையில் இருக்கணும். இந்தியாவில் அதைத் தருவது ஆர்.டி.ஓ. அலுவலகம்தான். பரிவாஹன் தளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், அதிகபட்சம் ஓராண்டு செல்லும்.

'சில நிமிடங்களில் இன்டர்நேஷனல் லைசென்ஸ்' என்று டாலரில் வசூலிக்கும் இணையதளங்கள் நிறைய. அவை தருவது வெறும் மொழிபெயர்ப்பு. அதை நம்பி ஜப்பானில் ஓட்டினால், லைசென்ஸே இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. விபத்து நடந்தால் வாடகையோடு சேர்ந்து வரும் காப்பீடும் கைவிட்டுவிடும்.

சரியான பெர்மிட் இருந்தாலும் எல்லாம் இலவசமில்லை. கூடுதல் பணம் கட்டி சேதப் பொறுப்பிலிருந்து விலக்கு வாங்கினாலும், கார் ரிப்பேரில் நிற்கும் நாட்களுக்கென 'நான்-ஆபரேஷன் சார்ஜ்' தனி. பரவலாக, காரை ஓட்டிவந்து விட முடிந்தால் 20,000 யென், முடியாவிட்டால் 50,000 யென்; கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

லேசாக உரசினாலும் 110-க்கு போன் போட்டு போலீஸில் பதிவு செய்யணும். பார்க்கிங் தூணில் இடிச்சதுக்கெல்லாமா? ஆமாம், அதுக்கும்தான். அந்தப் பதிவு இல்லாவிட்டால் க்ளெய்ம் கிடையாது.