நூல் கட்டிய மரக்கட்டை



பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் ழாக் லக்கானைப் படிக்க உட்கார்ந்து, நாலாம் பக்கத்தில் தலை சுற்றி எழுந்துவிட்டவரா நீங்கள்? நானும் உங்கள் கட்சிதான். 1966இல் வந்த அவருடைய ‘எக்ரி’ தொள்ளாயிரம் பக்கத்தைத் தாண்டும். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு என் அலமாரியில் வெகுகாலம் தூசி மட்டும் வாங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் நான் நுழைந்தது கொல்லைப்புற வழியாக. உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃப்ராய்ட் 1920இல் வெளியிட்ட ‘இன்பக் கோட்பாட்டுக்கு அப்பால்’ சின்னப் புத்தகம், ஏழே அத்தியாயம். இரண்டாவதில் ஒன்றரை வயதுப் பையன் ஒருவன் வருகிறான். நூல் கட்டிய மரக்கட்டையைத் திரைபோட்ட தன் கட்டிலுக்குள் வீசிவிட்டு ‘ஓ-ஓ’ என்கிறான். ஜெர்மானியச் சொல் ‘ஃபோர்ட்’, அதாவது ‘போச்சு’, அவன் வாயில் அப்படி வருகிறது. நூலை இழுத்துக் கட்டை தெரிந்ததும் ‘டா!’ இதோ! அம்மா வெளியே போய்வருவதைத்தான் பிள்ளை விளையாடிப் பார்க்கிறான் என்கிறார் ஃப்ராய்ட். அதோடு விடவில்லை. வீசுகிற பாதியை மட்டுமே அவன் அதிகம் விளையாடுகிறானே, வலிக்கிற பாதியை ஏன் திரும்பத் திரும்ப? புத்தகத்தை இழுத்துப்போவது இந்தக் கேள்விதான்.

1953இல் ரோம் நகரில் அளித்த அறிக்கையில் லக்கான் இதே விளையாட்டுக்குத் திரும்புகிறார். பிள்ளை மொழிக்குள் பிறக்கும் தருணம் இது என்கிறார். கட்டையைப் பார்த்துவிட்டுப் போனால் அந்தப் பக்கங்கள் கொஞ்சம் திறக்கின்றன. கொஞ்சம்தான்.

ஃப்ராய்டின் நான்காம் அத்தியாயம் கரடுமுரடு. ஆனால் இனி வருவது ஊகம், ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் விருப்பம் என்று தொடக்கத்திலேயே அவர் சொல்லிவிடுகிறார். நான் தாராளமாகத் தள்ளிவிட்டுப் போனேன். பிறகு ஒருநாள் திரும்பிவந்தேன்.

ஃப்ராய்டின் ‘ஈகோ’, ‘இட்’ என்று மிரட்டுகிற சொற்களும் ஆங்கிலத்துக்குப் போன வழியில் ஒட்டிக்கொண்ட லத்தீன்தான். ஜெர்மனில் அவர் எழுதியது வெறும் ‘நான்’, ‘அது’. தமிழில் அப்படியே வைத்துப் படித்துப் பாருங்கள், பாதி பயம் போய்விடும்.

கட்டை வீசிய அந்தப் பையன் யார் என்று ஃப்ராய்ட் சொல்வதில்லை. அவருடைய பேரன் எர்ன்ஸ்ட். அவனுக்கு ஐந்தே முக்கால் வயதானபோது தாய் இறந்துபோனதை ஓர் அடிக்குறிப்பில் போகிறபோக்கில் குறிக்கிறார். அந்தத் தாய் சோஃபி, 1920 ஜனவரியில் விஷக்காய்ச்சலுக்குப் பலியான அவருடைய சொந்த மகள். முதல் இரண்டு வாசிப்பிலும் அந்த அடிக்குறிப்பு என் கண்ணில் படவேயில்லை.