மரபணு மட்டுமன்று, அதன் ஊக்கியும்

மரபணு மாற்றப்பட்ட கடுகு குறித்த விவாதங்களில் ‘எந்த மரபணு?’ என்ற கேள்வியே ஓங்கி ஒலிக்கிறது. அம்மரபணு எங்கே, எப்போது இயங்கும் என்பதைத் தீர்மானிக்கும் புரோமோட்டர் எனும் ஊக்கிப் பகுதி பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் டி.எம்.எச்.-11 கலப்பினத்தில், பெண் பெற்றோர் வரிசை பார்னேஸ் மரபணுவைக் கொண்டது. பார்னேஸ், ஆர்.என்.ஏ.வைச் சிதைத்துச் செல்லைக் கொல்லும் நொதி. புகையிலையிலிருந்து பெறப்பட்ட டிஏ29 ஊக்கி அதனை மகரந்தப்பையின் டபீட்டம் அடுக்கில் மட்டும் இயக்குவதால்தான் செடி பிழைக்கிறது. மகரந்தம் மட்டும் உருவாவதில்லை.

ஆயினும் இக்கட்டுப்பாடு ஊக்கியின் மாறாப் பண்பன்று. அருகில் 35எஸ் போன்ற வலிய ஊக்கி அமைந்தால், டிஏ29 பிற திசுக்களிலும் இயங்கக்கூடும். இவ்விரண்டுக்கும் இடையே டி.என்.ஏ. துண்டொன்றை இடைவெளியாக அமைத்தால் அத்தாக்கம் குறைவதை அப்பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்டனர்.

எனவே, மலரில் ஜி.யு.எஸ். நீலநிறம் தோன்றியதைக் கொண்டே ‘மலருக்கே உரிய ஊக்கி’ என ஆய்வேடுகள் முடிவுகட்டுவது பொருந்தாது. வேர், இலை, விதை ஆகியவற்றில் அது இயங்கவில்லை என்பதைத் தனித்தனியான பல மரபணு மாற்ற வரிசைகளில் நிறுவ வேண்டும். இன்மையை நிறுவுவது கடினம். உயிரிப் பாதுகாப்பு நிற்பதோ அதன்மீதுதான்.