நீலாம்பரிக்கு விசில் அடிப்பவர்கள்

2025 டிசம்பர் 12. ரஜினியின் 75வது பிறந்தநாளுக்கு ‘படையப்பா’ மறுபடியும் தியேட்டருக்கு வந்தது. ஆபீஸ் நண்பர்கள் ஒன்பது பேர் போனோம். தலைவர் என்ட்ரிக்கு விசில் அடித்தோம், அதில் ஆச்சரியமில்லை. ஆனால் ரம்யா கிருஷ்ணன் முதல்முறை திரையில் வந்தபோது எழுந்த சத்தம் அதற்குக் கொஞ்சமும் குறைவில்லை. எனக்கு முன்வரிசையில் இருந்த, இருபது வயதுகூட ஆகாத பையன்கள் போனைத் தூக்கிப்பிடித்து அவர் முகத்தைப் படம்பிடித்தார்கள். இன்டர்வெல் வருவதற்குள் அது ரீல்ஸாகியிருந்தது. தலைப்பு வழக்கமானதுதான்: ராணி, கெத்து, ஒன் அண்ட் ஒன்லி.

1999 ஏப்ரலில் இந்தப் படம் வந்தபோது இதே கதாபாத்திரத்தைப் பார்த்துத் திரையில் செருப்பு வீசினார்கள் என்று ரம்யா கிருஷ்ணனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். செருப்பிலிருந்து விசிலுக்கு வந்துவிட்டோம், சமூகம் முன்னேறிவிட்டது என்று என் நண்பன் ஒருவன் அன்று ராத்திரி டீக்கடையில் சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. செருப்பு எறிந்தவனாவது அவளைப் பார்த்துப் பயந்தான். இந்த விசிலில் பயமே இல்லை. ஏனென்றால் விசில் அடிக்கிறவனுக்குக் கிளைமாக்ஸ் தெரியும்.

முதலில் இந்த ‘யார் நடிக்க இருந்தது’ கதையை முடித்துக்கொள்வோம். படையப்பா பற்றிப் பேச்செடுத்தால் ஐந்தாவது நிமிஷத்தில் யாராவது ஒருத்தர் இதை ஆரம்பிப்பார். நீலாம்பரியாக ஐஸ்வர்யா ராயைத்தான் முதலில் நினைத்திருந்தார்கள், அவர் கிடைக்கவில்லை, அப்புறம் ரம்யா கிருஷ்ணன். மறுவெளியீட்டை ஒட்டி ரஜினியே இதைச் சொன்னார். நீலாம்பரிக்கு மூலம் கல்கியின் நந்தினி என்றும் சொல்லியிருக்கிறார். அந்த நந்தினியாகப் பிற்பாடு 2022இல் மணிரத்னம் படத்தில் நடித்தது ஐஸ்வர்யா ராய். கேட்க சுவாரசியமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் கவனியுங்கள், இந்தக் கதையில் ரம்யா கிருஷ்ணனுக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. வேறொருத்தர் வராததால் வந்தவர், அவ்வளவுதான். யோசித்தவர்கள் ஆண்கள், தேடியவர்கள் ஆண்கள், கடைசியில் கண்டுபிடித்தவர்களும் அவர்களே. ‘பாகுபலி’ சிவகாமிக்கும் இதே கதைதான் சுற்றியது: முதலில் ஸ்ரீதேவியைக் கேட்டார்கள், அவர் நடிக்கவில்லை, நல்லவேளை. ஒரே நடிகையின் இரண்டு பெரிய வேடங்களும் இன்னொரு நடிகையின் மறுப்பால் கிடைத்த பரிசாகவே பேசப்படுகின்றன. ‘வேற யாரு பண்ணியிருந்தாலும் இப்படி வந்திருக்காது’ என்று நாம் உருகுவதுகூட அதிர்ஷ்டத்துக்குப் போடுகிற கும்பிடுதான்.

ரம்யா கிருஷ்ணன் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ‘வெள்ளை மனசு’ 1985இல் வந்தது. படையப்பாவுக்கு முன்னால் பதினாலு வருஷம். ‘கேப்டன் பிரபாகரன்’ பாட்டில் ஆடியவர், ‘அம்மோரு’வில் அம்மனாக வந்து ஆந்திராவைக் கும்பிட வைத்தவர். கவர்ச்சிக்கும் சாமிக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் மாறி மாறி நின்று பழகிய முகம் அது. நீலாம்பரியின் நிமிர்ந்த முகவாயும் இமைக்காத பார்வையும் அம்மன் வேஷத்தின் மிச்சம் என்று எனக்குத் தோன்றும். அம்மன் அசுரனைப் பார்க்கிற பார்வையை ஒரு பண்ணையார் வீட்டுப் பெண் வேலைக்காரியைப் பார்க்கப் பயன்படுத்தினால் எப்படி இருக்கும்? அதுதான் நீலாம்பரி.

இன்னொன்று, இது என் ஊகம் மட்டுமே. சூப்பர் ஸ்டாரிடம் தோற்றுச் சாகிற வேடத்தை உச்சத்தில் இருக்கிற கதாநாயகிக்குக் கொடுக்க எவருக்கும் மனசு வராது, அவரும் யோசிப்பார். தமிழில் அப்போது ‘முதல் வரிசை’ என்று யாரும் எண்ணாத ஒருவரைக் கூட்டம் வெறுத்தால் வியாபாரத்துக்கு நஷ்டமில்லை. செலவழிக்கக்கூடிய முகம். அந்த முகம் படத்தையே தூக்கிக்கொண்டு போகும் என்று யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

சரி, அவர் அப்படி என்னதான் செய்தார்? ஊஞ்சல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார நாற்காலி தராமல் நிற்க வைக்கிறாள். அவன் தோளில் கிடந்த துண்டை வீசி, மேலே கட்டியிருக்கிற ஊஞ்சலைக் கீழே இறக்கி உட்காருகிறான். அத்தனை பேரும் ரஜினியின் துண்டைத்தான் பார்ப்போம். அடுத்தமுறை ரம்யா கிருஷ்ணனைப் பாருங்கள். கோபப்பட வேண்டிய இடத்தில் அந்த முகம் ரசிக்கிறது. தான் அவமானப்பட்டதை மறந்து ஒரு நொடி அவள் அவனுடைய ரசிகை ஆகிவிடுகிறாள். பதினெட்டு வருஷம் கழித்துச் சந்திக்கும்போதும் முதலில் அவன் ஸ்டைலைத்தான் புகழ்கிறாள். படத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்படுகிற நீலாம்பரி வசனம் அதுதான், கவனித்திருக்கிறீர்களா? நாம் பெண் ஆளுமையின் உச்சம் என்று கொண்டாடுகிற பாத்திரம் பேசியதில் நமக்கு மனப்பாடமாக இருப்பது ஹீரோவுக்கான பாராட்டுரை. திரைக்கு உள்ளே உட்காரவைக்கப்பட்ட நம்பர் ஒன் தலைவர் ரசிகை அவள். நமக்கு அவளைப் பிடித்துப்போனதில் அதிசயம் என்ன?

இந்த இடத்தில், நீலாம்பரிதான் தமிழ் சினிமாவின் முதல் பெண்ணியவாதி என்று எழுதுகிற தோழர்களிடம் ஒரு வார்த்தை. அவள் வசுந்தராவை என்ன பாடு படுத்துகிறாள் என்பதை ஓட்டிவிட்டுப் பார்க்காதீர்கள். காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிற வேலைக்காரியின் முகத்தில் தன் காலை வைக்கிறாள். (அந்தக் காட்சி நிற்பதில் சௌந்தர்யாவுக்குப் பாதிப் பங்கு உண்டு. அந்தக் கண்ணில் வருகிற நீர் இல்லாவிட்டால் ரம்யாவின் கால் வெறும் கால். 2004இல் விமான விபத்தில் போய்ச்சேர்ந்தவரை யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.) அது பணத்திமிர். அதைப் பார்த்துக் கூட்டம் கொதித்தது நியாயம்.

படத்தின் சாமர்த்தியமே இங்கேதான் இருக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு தொல்லை உண்டு. சம்பந்தமில்லாத இரண்டு மாற்றங்களை ஒரே கமிட்டில் போட்டுவிடுவார்கள். பிறகு ஒன்று வேண்டாம் என்று திருப்பினால் மற்றதும் சேர்ந்து போய்விடும். நீலாம்பரி அப்படி எழுதப்பட்டவள். வேலைக்காரியை மிதிக்கிற குணத்தையும், தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்கிற குணத்தையும், படிப்பையும், கோபத்தையும் ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறார்கள். முதலாவதை வெறுத்து நாம் எறிந்த செருப்பு மற்ற மூன்றின் மேலும் விழுந்தது. பெண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று படையப்பா வகுப்பெடுக்கிற காட்சியில் அவன் பட்டியலிடுவது பொறுமையும் அடக்கமும்தான். வேலைக்காரர்களை மனுஷர்களாக நடத்து என்று அதே மூச்சில் சொல்லியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். அளவுக்கு மீறி ஆசைப்படுகிற ஆணும் கோபப்படுகிற பெண்ணும் உருப்பட்டதில்லை என்பது அந்தப் படத்தின் சட்டம். ஆணுக்கு ஆசை குற்றம், பெண்ணுக்குக் கோபமே குற்றம். படத்தில் அதிகம் கோபப்படுகிறவன் யார் என்று போய் எண்ணிப்பாருங்கள்.

கல்கியின் நந்தினிக்கு இவ்வளவு மோசம் நடக்கவில்லை. வீரபாண்டியனைக் கொல்லாதே என்று அவள் கெஞ்சக் கெஞ்ச ஆதித்த கரிகாலன் தலையை வெட்டுகிறான். அவளுடைய வஞ்சத்துக்கு ஒரு ரத்தக் காரணம் இருக்கிறது, வாசகன் அவளை வெறுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தவிக்கிறான். படையப்பா அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு காரணத்தைச் சின்னதாக்கிவிட்டது. ஒருத்தன் வேண்டாமென்றான், ஊர் முன்னால் மானம் போனது, அவ்வளவுதான்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் நீலாம்பரி பெரிய ஆள் என்பதை நான் மறுக்க மாட்டேன். 1992இல் வந்த ‘மன்னன்’ படத்தில் விஜயசாந்தியும் இதே திமிர்பிடித்த பணக்காரிதான். கடைசியில் திருந்தி வீட்டோடு இருக்கிற மனைவி ஆகிவிடுகிறார். நீலாம்பரி திருந்தவில்லை. அவன் காப்பாற்றித் தந்த உயிர் எனக்கு வேண்டாம் என்று தன்னையே சுட்டுக்கொள்கிறாள், அடுத்த ஜென்மத்திலும் விடமாட்டேன் என்கிறாள். மன்னிப்புக் கேட்கிற சீன் அவளுக்கு இல்லை. அந்த ஒரு பிடிவாதத்துக்காகத்தான் இருபத்தாறு வருஷம் கழித்தும் நாம் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். திரும்பத் திரும்பத் தமிழ் சினிமா அந்தப் பிடிவாதத்தை எழுதியதா? 2023இல் ‘ஜெயிலர்’ வந்தது. மறுபடியும் ரஜினி, மறுபடியும் ரம்யா கிருஷ்ணன். இந்தமுறை மனைவி. வீட்டுக்குள்ளேயே நடமாடி, புருஷன் என்ன செய்கிறான் என்று புரியாமல் கவலைப்படுகிற மனைவி. நீலாம்பரியை ஒன்றும் செய்ய முடியாதவர்கள் கடைசியில் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள் என்று தியேட்டரில் யாரோ கமென்ட் அடித்தபோது நானும்தான் சிரித்தேன்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள்.

எங்கள் பெரியத்தை. அப்பாவுக்கு அக்கா. 1984இல் கல்யாணம். தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தந்த சட்டம் 1989இல் வந்தது, அதற்கு முன்னால் கல்யாணமானவர்களுக்கு அது செல்லாது. ஐந்து வருஷ இடைவெளியில் அத்தை வெளியே நின்றார். தாத்தா செத்தபிறகு, 1999 கடைசியில், ‘சட்டம் கெடக்கட்டும், நீங்க மனசாட்சிப்படி குடுங்க’ என்று வந்து கூடத்தில் உட்கார்ந்தார். சத்தம் போட்டுத்தான் பேசினார். அன்றைக்குச் சித்தப்பா வைத்த பெயர் நீலாம்பரி. படம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, பெயர் சட்டென்று ஒட்டிக்கொண்டது. ‘நீலாம்பரி வந்துட்டு போச்சா?’ என்று நான்கூடக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒன்பது வயது, அது ஒரு ஜோக் என்று நினைத்தேன். அதன்பிறகு அத்தை கேட்டது நியாயமா இல்லையா என்று எங்கள் வீட்டில் யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. பெயரே தீர்ப்பாகிவிட்டது. நிலம் இப்போது என் அப்பா பேரிலும் சித்தப்பா பேரிலும் இருக்கிறது. நாளைக்கு என் பேரில் இருக்கும்.

ஒன்பது வயதுக்கு மன்னிப்பு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். முப்பத்திரண்டு வயதுக்கு?

முந்தைய கம்பெனியில் எங்கள் டீம் லீட் ஒரு பெண். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புரொடக்‌ஷனில் எதையும் ஏற்றவிட மாட்டார். கோட் ரிவ்யூவில் ‘இது ஏன்?’ என்று இரண்டே வார்த்தை எழுதுவார். சத்தம்கூடப் போட்டதில்லை. அவரில்லாத வாட்ஸ்அப் குரூப்பில் அவர் பெயர் நீலாம்பரி. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிற ரம்யா கிருஷ்ணன் ஸ்டிக்கரை முதலில் போட்டது நான் இல்லை. அதிகமுறை போட்டது நான்தான். அந்த வருஷம் அவருடைய அப்ரைசலில், கீழே இருப்பவர்களின் கருத்து என்று ‘அணுகுமுறையில் மென்மை தேவை’ என எழுதப்பட்டது. அந்தக் கருத்தில் என் பங்கும் உண்டு. அவர் வேலையை விட்டுப்போன அன்று லிஃப்ட்டில் என்னிடம் சொன்னார்: “குரூப் பேரெல்லாம் எனக்குத் தெரியும். ரம்யா கிருஷ்ணன் எனக்கும் ஃபேவரிட்தான். ஆனா அந்தம்மாவைக் கடைசியில என்ன பண்ணுவாங்கன்னு தெரியும்ல?”

அதே குரூப்தான் டிசம்பரில் ஒன்பது டிக்கெட் போட்டது. அதே ஸ்டிக்கர், இப்போது கிரீடம் வைத்து.

படையப்பாவின் இரண்டாம் பாகத்தை யோசிக்கிறோம், அதற்கு ‘நீலாம்பரி’ என்று பெயர் வைக்கலாமென்று பேச்சு நடக்கிறது என்று ரஜினி சொன்னார். அடுத்த ஜென்மப் பழிவாங்கலைத்தான் எடுப்பார்கள் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். முதல் படத்தில் அவள் பதினெட்டு வருஷம் ஓர் அறைக்குள் அடைந்து கிடந்தாள். படம் அதை நிமிஷக்கணக்கில் கடந்துபோகிறது. நாம் யாரும் கேட்டதே இல்லை. அந்தக் கதவுக்கு வெளியே யார் சோற்றை வைத்துவிட்டுப் போனார்கள்? வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவள், பேப்பர் கேட்டு வாங்கிப் படித்தாளா? முதல் நரை வந்தபோது கண்ணாடி இருந்ததா? பக்கத்து அறையில் அவள் பெயரைச் சொல்லி யாராவது சிரித்தார்களா? அது சுவர் தாண்டிக் கேட்டதா? முழுப்படமும் அந்த அறைக்குள்ளேயே நடக்கட்டும். ரம்யா கிருஷ்ணனால் முடியும். எழுதுகிறவர்களுக்குச் சந்தேகமிருந்தால் எங்கள் அத்தை விலாசம் தருகிறேன்.