ஒரு கையில போன், மறு கையில துவக்கு

பேய்க் கேம் எண்டால் திடீரெண்டு ஒரு முகம் திரையில பாயும், நாங்கள் கத்துவம், பிறகு சிரிப்பம். அதோட சரி. க்ரை ஒஃப் ஃபியரும் கத்த வைக்கும், அதுவும் கனக்கக் கத்த வைக்கும். ஆனால் லப்டொப்பை மூடின பிறகும் கூடவே வாற பயம் ஒன்று அதில் இருக்கிறது. எங்களுக்கு அந்தப் பயத்தைப் பற்றித்தான் கதைக்க வேண்டும்.

இது பெரிய கம்பனி செய்ததல்ல. 1998இல் வந்த ஹாஃப்-லைஃப் கேமின் எஞ்சினை வைத்து சுவீடனைச் சேர்ந்த ரசிகர்கள் செய்த மொட். 2012 பெப்ரவரியில் வெளியானது. 2013இல் ஸ்டீமில் தனி கேமாக, இலவசமாகவே வந்துவிட்டது. பழைய மெஷினிலும் ஓடும். சுவரெல்லாம் தட்டை, முகமெல்லாம் மரப்பொம்மை மாதிரி. ஆனால் இருட்டைக் காட்ட நல்ல கிராபிக்ஸ் தேவையில்லை என்று இவர்களுக்கு விளங்கியிருக்கிறது.

19 வயதுப் பெடியன் சைமன். ஒரு ஒழுங்கையில் கண் விழிக்கிறான். தெருவில் ஒரு சனமும் இல்லை. அவனிடம் இருக்கிற வெளிச்சம் கைபோன் வெளிச்சம். ஒரு கையில் போனைப் பிடித்தால், மிச்சம் இருக்கிற ஒரு கைக்கு கத்தியோ சின்னத் துவக்கோதான். பெரிய துவக்குக்கு இரண்டு கையும் வேண்டும். பையில் 6 இடம்தான். பையைத் திறந்தாலும் கேம் நிற்காது, நீங்கள் மருந்து தேடிக்கொண்டிருக்க அது கிட்ட வந்துவிடும். பாதி சுட்ட மகசினை மாற்றினால் மிச்ச ரவை போனதுதான். மற்ற சுடுகிற கேம்களில் நாங்கள் யோசிக்காமலே அமத்துகிற பட்டன் இங்கே ஒரு முடிவு ஆகிறது. அந்தப் பயத்துக்குப் பேயே தேவையில்லை.

போனுக்கு மெசேஜும் வரும். கையில் போன் இருக்கு, ஆனா எடுத்துக் கதைக்க ஒரு ஆள் இல்லை. இதைவிடத் தனிமையை எப்படிக் காட்டுவது?

(இனி முடிவைச் சொல்லப் போகிறோம். விளையாட இருக்கிற ஆக்கள் கடைசிப் பந்திக்குத் தாவுங்கோ.)

அந்த நகரம் சைமன் எழுதுகிற புத்தகம். விபத்தில் சிக்கிச் சக்கர நாற்காலியில் இருக்கிறவனை, மனதில் உள்ளதை எழுதச் சொல்லியிருக்கிறார் அவனுடைய மருத்துவர். அப்போ நாங்கள் சுட்டதெல்லாம் அவனுடைய கோபமும் வெட்கமும்தான். பல முடிவுகள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். 'நல்ல' முடிவிலும், பேய் என்று நினைத்து அவன் சுட்டது உண்மையில் பொலிஸ்காரரை. இந்த இடத்தில் எங்களுக்கு உடன்பாடில்லை. மனச்சோர்வு உள்ளவன் என்றால் மற்றவர்களைக் கொல்லுவான் என்கிற படம் பொய்யும் கூட, ஆபத்தும் கூட. அப்படி ஒரு நிலையில் இருக்கிறவர்களைச் சனம் ஏற்கனவே விலத்தித்தான் வைத்திருக்கிறது. ஆனால் அந்த முடிவுக்கு முதல் வருகிற ஏழெட்டு மணித்தியாலம் பொய் சொல்லவில்லை. திறந்த கதவுக்கு அங்கால திரும்பவும் ஒரு நடைபாதை, அதற்கு அங்கால இன்னொன்று, நடுவில் திடீரென்று ஒரு பியானோ. மனச்சோர்வைப் 'பற்றி' வந்த எத்தனையோ படங்களை விட அந்த நடைபாதைகள் அதைக் கிட்டவாகக் காட்டுகின்றன.

நீங்களே இப்ப ஒரு கஷ்டமான காலத்தில இருந்தால் இதைப் பிறகு பாருங்கோ, அல்லது பக்கத்தில ஒரு ஆளை வச்சுக்கொண்டு விளையாடுங்கோ. மற்ற ஆக்கள் ஹெட்போன் கட்டாயம் போடுங்கோ. தனியா முடிச்ச பிறகு, நாலு பேர் வரை சேர்ந்து விளையாடுற பகுதி ஒன்று இருக்கு. அதில நீங்கள் பொலிஸ். முடிவு தெரிஞ்ச பிறகு அந்த உடுப்போட அதே இருட்டுக்குள்ள இறங்கிப் பாருங்கோ.